ஒரு மணி நேரம் பழைய நிறம்

டிராப் செக்கர் பொய் சொல்லாது. லேட்டாகச் சொல்லும், அவ்வளவுதான். தொட்டியின் உள்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற கோலிக்குண்டு அளவு குமிழ் அது, அதற்குள் நான் இப்போதுதான் ஊற்றின நீலத் தண்ணீர். தொட்டித் தண்ணீரில் கார்பன் டை ஆக்ஸைடு கரையக் கரைய இந்த நீலம் பச்சையாகும். பச்சை என்றால் செடிக்கும் போதும், மீனுக்கும் தாங்கும். அதையும் தாண்டினால் மஞ்சள். மஞ்சள் என்றால் மீனுக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். ஆனால் நிறம் மாற ஒரு மணி நேரம் பிடிக்கும். நான் இப்போது பார்க்கிற நிறம் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருந்த தண்ணீருடைய நிறம். இப்போது இருக்கிற தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க இந்தக் குமிழுக்குத் தெரியாது. இதை யோசித்தால் எனக்குப் பிடரியில் என்னவோ ஊர்கிற மாதிரி இருக்கும், அதனால் யோசிக்க மாட்டேன், இன்றைக்கு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, யோசிக்கிறேன். மணி இரண்டே கால். வில்லிவாக்கம், இரண்டாவது மாடி, செண்பகம் ஆன்ட்டி வீட்டு ஹால். ஏசி ஓடுகிறது. ஆன்ட்டி உள் அறையில் படுத்திருக்கிறார். மூன்றரைக்கு எழுந்து வருவேன், அதுவரை உன் வேலையைப் பாரும்மா என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றரைக்குத்தான் அவங்க பேசுவாங்க என்றும் சொன்னார். அவங்க என்றால் மீன்கள்.

காலையில் போனிலும் இதைத்தான் சொன்னார். யுவா, நீ புதுசா மாட்டினியே ஏதோ குழாய், அதுக்கப்புறம் எல்லாரும் மேலே வந்து பேச ஆரம்பிச்சிருக்காங்க, வந்து பாரேன். குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் அப்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அப்படியே கையை எடுத்துவிட்டேன். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். எங்கள் கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிற எந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். பத்து நாளைக்கு முன்னால் நான்தான் இந்தத் தொட்டியில் டிஃப்யூசரை எடுத்துவிட்டு ரியாக்டர் மாட்டினேன். டிஃப்யூசர் என்பது பீங்கான் வட்டு, அது வாயுவை மாவு மாதிரிப் பொடிக் குமிழாகத் தண்ணீருக்குள் விடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பாதிக் குமிழ் கரையாமலே மேலே போய் உடைந்துவிடும். பாதி வீண். அதனால்தான் இங்கே செடியெல்லாம் மஞ்சளடித்துப் பாசி படர்ந்து கிடந்தது. ரியாக்டர் அப்படி இல்லை. அது கீழே கேபினெட்டுக்குள் ஃபில்டரோடு சேர்த்து மாட்டுகிற முழங்கை நீளக் குழாய். தண்ணீர் மேலிருந்து கீழே பாயும், வாயு கீழிருந்து மேலே ஏறப் பார்க்கும், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அங்கேயே உருண்டு உருண்டு கரைந்தே போகும். ஒன்றுகூடத் தப்பாது. தொட்டிக்குள் ஒரு குமிழைக்கூடப் பார்க்க முடியாது. தண்ணீர் சும்மா தண்ணீராக இருக்கும். அதில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் தெரியாது. டிஃப்யூசருக்கு நொடிக்கு மூன்று குமிழ் விட்டிருந்தால் ரியாக்டருக்கு அதைக் குறைக்க வேண்டும். குறைத்தேன். இரண்டாக வைத்தேன். வைத்தேனா?

கேபினெட்டைத் திறந்து, வாயு குமிழ் குமிழாகப் போவதைக் காட்டுகிற பபுள் கவுண்டரைப் பார்த்தபோது நொடிக்கு மூன்று ஓடுகிறது. ஒன்னு ரெண்டு மூணு. ஒன்னு ரெண்டு மூணு. செல்போனில் நொடியை வைத்து நான்கு தரம் எண்ணினேன், மூன்றுதான். அன்றைக்கு நான் இரண்டாக வைத்தது என் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது, வாயுவைக் கூட்டிக் குறைக்கிற நீடில் வால்வின் அந்தச் சின்னப் பித்தளைத் திருகு, அரைக் கால் திருப்பு, ஆனால் விரல் ஞாபகத்தை எப்படி நம்புவது, பழைய தொட்டிகளில் எத்தனை தரம் திருப்பியிருக்கிறேன், அதில் ஒன்றை இங்கே கொண்டுவந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். டிராப் செக்கரும் மஞ்சளாகத்தான் இருந்தது. அதற்குள் இருக்கிற தண்ணீர் மாற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பழசாகி வெளிறியிருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். அதனால்தான் கழுவிப் புதுசு ஊற்றினேன். ஜெரால்டு அண்ணன் கடையில் நான் ஒன்றரை வருஷமாக இருக்கிறேன், அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுதான் உருப்படி, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்யணும், செய்துவிட்டு உட்கார்ந்து பார்க்கணும். போன் பண்ணினேன். மேடம் வெளிநாட்டு வீடியோ பாத்து ரியாக்டர் மாட்டுனீங்கல்ல, இப்ப உக்காந்து எண்ணுங்க என்றார். அப்புறம் குரலை மாற்றி, எதையும் குத்துமதிப்பா திருப்பாதே யுவா, முதல்ல நிறத்தைப் பார், மீன் ரொம்ப மேலே வந்தா மட்டும் மூடு என்றார். சரி. பார்க்கிறேன். நீலம் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. மீன்கள் நடுவில் நிற்கின்றன. நியான் டெட்ரா, சிவப்பும் நீலமுமாய் கோடு போட்ட சின்ன மீன். போன மாதம் ஐம்பது விட்டேன். இன்றைக்கு வந்ததும் எண்ணினேன், முப்பத்தொன்று. மீதி எங்கே என்று ஆன்ட்டியைக் கேட்டேன். பேசி முடிச்சவங்க போயிட்டாங்க என்றார். பால்கனிச் செம்பருத்தித் தொட்டியில் மண்ணைக் கிளறின தடம் இருந்தது.

இந்தத் தொட்டி ஆன்ட்டி கேட்டது இல்லை, அவர் கணவர் பரந்தாமன் அங்கிள் கேட்டது. ரயில்வேயில் இருந்தவர், நுரையீரல் போய்விட்டது, மூக்கில் எப்போதும் ஆக்சிஜன் குழாய். ஜனவரியில் நான் இங்கே மண்ணைக் கொட்டிச் செடி நட்டபோது அவர் அந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேசினால் நான்கு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்துவார். கேபினெட்டுக்குள் நான் வைத்த வாயு சிலிண்டரைப் பார்த்து, இதுல என்னம்மா, எனக்கு வர்ற மாதிரி ஆக்சிஜனா என்று கேட்டார். இல்ல அங்கிள், இது கார்பன் டை ஆக்ஸைடு, செடிக்கு என்றேன். அவர் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், இருமி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் சொன்னார், என் ரத்தத்துல அதுதான் சேர்ந்துபோச்சு, வெளியேறலைன்னு டாக்டர் கத்தறான், நீ காசு குடுத்து வாங்கித் தண்ணிக்குள்ள ஏத்தற, ஒரு குழாயை என் மேல சொருகி இங்க விட்டுடேன், செடியாவது நல்லா வரும். நான் சிரித்தேன். பெரியவர் சாவைப் பற்றி ஜோக் அடித்தால் சிரிக்கணுமா கூடாதா என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி மிஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம், எழுது, மூன்று தரம் எழுது. எழுதினேன். பரீட்சையிலும் அதைச் சரியாகத்தான் எழுதினேன், மற்றதெல்லாம் தப்பு, படிப்பை அதோடு நிறுத்திவிட்டேன். அந்த மிஸ்ஸுக்கு அது மனுஷ ரத்தத்திலும் கரையும் என்று தெரிந்திருக்குமா, தெரிந்திருக்கும், சொல்லவில்லை. அங்கிள் ஜூன் மாதம் போனார். ஒருவேளை அவர் சொன்னபடியே ஒரு குழாய் எங்கேயோ சொருகித்தான் இருக்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது, ச்சீ என்று தள்ளினேன், தள்ளினது மறுபடி கால்மாட்டில் வந்து நிற்கிறது. கேபினெட்டுக்குள் எத்தனை குழாய் இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். ஃபில்டருக்கு இரண்டு, வாயுவுக்கு ஒன்று. மூன்றுதான். மூன்றும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டே முக்கால். நீலத்தில் ஓரமாகப் பச்சை. இல்லை, விளக்கு அப்படிக் காட்டுகிறது. இல்லை, பச்சைதான். செடிகள் முத்து விட ஆரம்பித்துவிட்டன, ஒவ்வொரு இலை நுனியிலும் குண்டூசித் தலை மாதிரி ஒரு குமிழ், அது ஆக்சிஜன், செடி மூச்சுவிடுகிறது, பத்து நாளில் எவ்வளவு தளதளவென்று வந்துவிட்டது, எங்கள் கொளத்தூர்க் கடைத்தெருவில் எந்தத் தொட்டியிலும் இவ்வளவு பச்சை இல்லை. இது நான் செய்தது. பார்க்கவே பெருமையாக இருக்கிறது, உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் ஆன்ட்டி போன் பண்ணியதும் முதலில் வந்தது பயம் இல்லை, ரியாக்டர் வேலை செய்கிறது என்ற சந்தோஷம்தான். அதற்கு அப்புறம்தான் பயம். ஒரு மீன் மேலே போகிறது. சும்மா போகிறது. மீன் என்றால் மேலே போகும் கீழே வரும். இன்னொன்று. மூன்று. ஆன்ட்டி கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை, தூங்குகிற வீட்டில் கேட்கிற குறட்டைகூட இல்லை, அவர் முழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. படுக்கப் போகும் முன் அவர் என்னிடம் அங்கிள் போன அந்த நாளைப் பற்றிச் சொன்னார். மத்தியானம் மூன்றரை. அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினாராம். சத்தம் வரவில்லையாம். ஏதோ சொல்ல வருகிறார் என்று ஆன்ட்டி குனிந்து காதைக் கொடுத்தாராம். என்ன வேணும் சொல்லுங்க, என்ன வேணும் சொல்லுங்க. நோட்டும் பென்சிலும் கொண்டுவந்து கையில் கொடுத்தாராம். அவர் எழுதவில்லையாம். பையனைப் பற்றியா, பீரோ சாவியா, யாருக்காவது ஏதாவது கொடுக்கணுமா என்று ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகக் கேட்டாராம். அப்புறம் அவர் தூங்கிவிட்டாராம். கடைசி வரைக்கும் சொல்லாமலே போயிட்டார் யுவா, அதுதான் இப்ப சொல்றார் போலிருக்கு. கேட்டபோது என் மண்டைக்குள் ஒரு வார்த்தை வந்தது, அதை எச்சில் மாதிரி விழுங்கிவிட்டேன். இப்போது அதே வார்த்தை மறுபடி வாய்க்கு வருகிறது.

மூன்று பத்து. பச்சை. நல்ல இளம்பச்சை, அதாவது இரண்டு பத்துக்குச் சரியாக இருந்திருக்கிறது. இப்போது? மீன்கள் பாதி மேலே. வரிசையாக நிற்கின்றன, தலை மேலே வால் கீழே, சாய்ந்து, ஒவ்வொன்றின் மூக்கும் தண்ணீர்த் தோலைத் தொட்டுக்கொண்டு. ஆன்ட்டி தொட்டி மூடியைக் கழற்றி வைத்திருப்பதால் சத்தம் கேட்கிறது. நான் இந்தச் சத்தத்தைக் கடையில் கேட்டதே இல்லை, அங்கே நூறு மோட்டார் ஓடும். ப்ச், ப்ச், ப்ச். உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம். பக்கத்து அறையில் யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி, வார்த்தை புரியாமல் பேச்சு மட்டும் கேட்கிற மாதிரி. இப்போது நான் வால்வைக் குறைத்திருக்க வேண்டும். எழுந்திருக்க வேண்டும், குனிய வேண்டும், அரைக் கால் திருப்பு, அவ்வளவுதான். நான் எழுந்திருக்கவில்லை. இதை மறைக்க மாட்டேன். நிறம் மஞ்சளாகட்டும், அப்போதுதான் தப்பு என்னுடையதா என்று தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி, நான் காதைக் கிட்டக் கொண்டுபோயிருந்தேன். என்னையறியாமல் குனிந்து, தலைமுடி தண்ணீரில் படுகிற தூரத்தில். ஏதாவது கேட்கிறதா என்று. தமிழில் ஏதாவது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான்கு சத்தத்துக்கு ஒரு தரம் அவை நிறுத்தின. ப்ச் ப்ச் ப்ச் ப்ச். நிறுத்தம். ப்ச் ப்ச் ப்ச் ப்ச். நிறுத்தம். நான் பின்னால் நகர்ந்தேன். என் வாய் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாக வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. கை சில்லிட்டிருந்தது. ஏசி, வேறு ஒன்றும் இல்லை. ஏசிதான்.

கதவு திறந்தது. மணி சரியாக மூன்றரை. ஆன்ட்டி முகம் கழுவி, பொட்டு வைக்காமல், புடவை மாற்றியிருந்தார், யாரையோ பார்க்கப் போகிற மாதிரி. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு மூலை நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தால் அவர் முகம் தண்ணீர் மட்டத்துக்குச் சரியாக வருகிறது. எனக்குப் பொறுமை கிடையாது, எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல வராது, அதனால் சொல்லிவிட்டேன். ஆன்ட்டி, தப்பு என்னுது. ரியாக்டர் மாட்டிட்டு அளவைக் குறைக்காம விட்டுட்டேன் போல. வாயு ஜாஸ்தி. அது பேசல ஆன்ட்டி. அதுக்கு மூச்சு முட்டுது. சொல்லும்போதே மீனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சொல்லி முடித்ததும் ஹால் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆன்ட்டி கோபப்படவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "நீ ரெண்டுதான் வச்சே. நான் எண்ணினேன்" என்றார். சொல்லிக்கொண்டே இடது கையைக் கீழே கேபினெட்டுக்குள் விட்டார், பார்க்காமலே, அடுப்பில் பால் வைத்துவிட்டு வேறு எங்கேயோ பார்த்தபடி தீயைக் கூட்டுகிற கை மாதிரி, அது நேராகப் போய்ப் பித்தளைத் திருகைப் பிடித்தது. திருப்பியது. பபுள் கவுண்டரில் மூன்று நான்கானது, அப்புறம் எண்ண முடியாத கோடானது.

தினமும் ஆன்ட்டி? என்று கேட்டேன். தினமும்தான். நான் குழாய் மாட்டின மூன்றாம் நாள் துடைக்கும்போது கை பட்டுத் திரும்பிவிட்டதாம், அன்றைக்குத்தான் முதலில் மேலே வந்தார்களாம், அதற்கப்புறம் இவரே தினமும் கூட்டிக் குறைத்தாராம். கொஞ்சம் கொஞ்சமாக. சில பேர் தாங்கினாங்க, சில பேர் தாங்கல என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லதாகப் போயிற்று, கோபம் வந்தால்தான் எனக்குக் கை கால் வேலை செய்யும். கத்தினேன் என்று நினைக்கிறேன். செத்துப்போகும் ஆன்ட்டி, இது ஒண்ணும் சொல்லல, மூச்சு முட்டுதுன்னு மட்டும்தான் சொல்லுது, வேற ஒரு வார்த்தையும் இல்ல. அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். அழவில்லை. கடையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமான முகம்.

"அது தெரியும்மா. அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன். அவர் ஒரு மணி நேரம் அதையே சொன்னார், நான் பென்சில் குடுத்தேன்."

டிராப் செக்கர் குமிழ் எப்போது மஞ்சளானது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது மஞ்சளாகத்தான் இருந்தது. எலுமிச்சைத் தோல் மாதிரி. அவர் கையை விலக்கிவிட்டு சிலிண்டர் தலையை மூடினேன், திருகி இறுக்கினேன், அப்புறம் ஃபில்டர் குழாயின் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டினேன், தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து கலங்கினால்தான் கரைந்தது வெளியே வரும். ஆன்ட்டி தடுக்கவில்லை. தொட்டியில் அருவி மாதிரி சத்தம். அந்தச் சத்தத்தில் ப்ச் ப்ச் கேட்கவில்லை, ஆனால் வாய்கள் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தன, மீன் உடனே கீழே போகாது, ஏற்றுவதற்கு எடுத்த நேரம் இறக்குவதற்கும் எடுக்கும். இரண்டு ஏற்கனவே படுத்துவிட்டன, பக்கவாட்டில், தண்ணீர் இழுத்த பக்கம் போய்க்கொண்டு. எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆன்ட்டி கேட்டார். அரை மணியாவது ஆகும் என்றேன். சரி, அது வரைக்கும் இருக்கேன் என்று மறுபடி தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். மூக்கு கண்ணாடி விளிம்பைத் தொடுகிற தூரம். சிலிண்டரைக் கழற்றிப் பையில் போட்டேன், இதை இந்த வீட்டில் விட மாட்டேன், செடி செத்தால் சாகட்டும், ஜெரால்டு அண்ணன் திட்டினால் திட்டட்டும். பை ஜிப்பை இழுத்து நிமிர்ந்தபோது ஆன்ட்டியின் வாயைப் பார்த்தேன். திறந்தது. மூடியது. திறந்தது. மீன்களோடு சேர்ந்து, அதே தாளத்தில், அதே நிறுத்தத்தில். சத்தம் இல்லை. கண் மட்டும் என்மேல் இருந்தது. கன்னத்தில் ஒரு சாம்பல் நிறம், அது தொட்டி விளக்கா, நிஜமா, இப்போதைய நிறமா, எப்போதோ வந்த நிறமா, எனக்குத் தெரியவில்லை. என்ன ஆன்ட்டி, என்ன வேணும் சொல்லுங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. ஓடிப்போய் ஜன்னல் கொண்டியை அடித்தேன், பெயின்ட் ஒட்டி இறுகியிருந்தது, உள்ளங்கை கிழிய அடித்தேன், திறந்தது, வெயிலும் வண்டிச் சத்தமும் மொத்தமாக உள்ளே விழுந்தன. திரும்பி வந்து ஆன்ட்டியின் இரண்டு கைக்கு அடியிலும் கையைக் கொடுத்துத் தூக்கினேன், கனமே இல்லை, ஜன்னல்கிட்டே கொண்டுபோய்க் கம்பியில் முகம் படும்படி நிறுத்தினேன். முதுகில் தட்டவில்லை, தண்ணீர் வேணுமா என்று கேட்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன், அவர் முதுகு ஒரு தரம் பெரிதாக விரிந்து, அடங்கி, மறுபடி விரிகிற வரைக்கும்.